வாய் மூடிக்கொண்டிருந்தால் போதாத ஆட்சி

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி. ஹிட்லர், ஸ்டாலின் ஆட்சிகளை மற்ற சர்வாதிகாரங்களிலிருந்து பிரித்துத் தனி வகை என்கிறார்களே, கொன்றவர்களின் எண்ணிக்கை அதிகம் என்பதாலா? அவ்வளவு நடந்தும் மக்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? முதல் கேள்வி வெறும் இலக்கணம் கேட்பதுபோலத் தெரிகிறது. உங்கள் மனத்தை அரிப்பது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஆட்சி ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்த பிறகு அந்த வீட்டாரால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் நவீன ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்பார். பாதி சொல்லும்போதே மணி அடித்துவிடும். இங்கே அந்த அவசரம் இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ரஷ்ய மொழியும் கம்போடியாவின் கெமர் மொழியும் தெரியாது. அந்த நாடுகளைப் பற்றி நான் எழுதுவது மொழிபெயர்ப்புகளையும் அச்சான ஆவணங்களையும் படித்துத் தெரிந்துகொண்டவை.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ராணுவத் தளபதி ஒருவர் நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதையும் தமிழில் சர்வாதிகாரம் என்கிறோம். நாஜி ஜெர்மனியில் நடந்ததையும் சர்வாதிகாரம் என்றே எழுதுகிறோம். இந்தப் பதிலுக்குள் இரண்டாவது வகையை மட்டும் முற்றதிகாரம் என்கிறேன். இதற்கான மூலச்சொல் இத்தாலியில் பிறந்தது. முசோலினி கட்சியின் போக்கைக் கண்டித்து 1923இல் 'டோட்டலிட்டாரியோ' என்று எழுதியவர் ஜியோவன்னி அமெண்டோலா என்ற எதிர்க்கட்சித் தலைவர். முழுவதையும் விழுங்கும் முறை என்று பொருள் கொள்ளலாம். 1925இல் பாசிசக் குண்டர்கள் அவரை அடித்துப் போட்டார்கள். அந்தக் காயத்திலிருந்து மீளாமலே அடுத்த ஆண்டு பிரான்சில் இறந்தார். அவர் வசையாகச் சொன்ன சொல்லை முசோலினி அதே 1925இல் தன் பெருமையாக எடுத்துக்கொண்டார். 'அனைத்தும் அரசுக்குள்ளே, அரசுக்கு வெளியே எதுவும் இல்லை, அரசுக்கு எதிராக எதுவும் இல்லை' என்று மிலான் நகரில் முழங்கினார். ஆனால் சொல் பிறந்த நாட்டில் அந்த முறை முழுமையடையவில்லை. மன்னர் அரியணையில் இருந்தார். போப்பாண்டவரோடு 1929இல் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1943 ஜூலையில் கட்சியின் பெருமன்றமே முசோலினிக்கு எதிராக வாக்களித்தது. சில மணி நேரத்திலேயே மன்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கிக் கைது செய்ய வைத்தார். ஹிட்லரை அப்படி இறக்கிவிட ஜெர்மனியில் எந்த அமைப்பும் மிச்சமிருக்கவில்லை. வேறுபாட்டின் முதல் நுனி இங்கே கிடைக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட கிழக்கு ஜெர்மனியின் ஒரு வாக்குச்சாவடியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வாக்காளர் உள்ளே போனதும் ஒரு தாள் தருவார்கள். ஆளும் கட்சியின் தலைமையில் இருந்த தேசிய முன்னணியின் ஒரே வேட்பாளர் பட்டியல் அதில் இருக்கும். அதை ஏற்பவர் எதையும் எழுத வேண்டியதில்லை. மடித்துப் பெட்டியில் போட்டால் போதும். அதனால் வாக்களிக்கப் போவதையே அந்த மக்கள் 'தாள் மடிக்கப் போவது' என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மறைப்புக் கட்டிய இடமும் ஒன்று இருந்தது. பெரும்பாலும் அறையின் கோடியில் இருக்கும். அங்கே போக வேண்டுமென்றால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கண் முன்னால் நடந்து போக வேண்டும். பெயர்களை அடிக்க நினைப்பவருக்குத்தான் மறைப்பு தேவை என்பதால், போனவர் யார் என்பது கவனிக்கப்பட்டது. வாக்களிக்க வராமலே வீட்டில் இருந்துவிட்டால், மாலைக்குள் வாசலில் ஆள் வந்து நிற்பார். சில சமயம் பெட்டியே வீடு தேடி வரும். 1986 நாடாளுமன்றத் தேர்தலில் அரசு அறிவித்த ஆதரவு 99.94 விழுக்காடு.

தோற்பதற்கு வழியே இல்லாத கட்சிக்கு இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழும். என் பதில் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. சாதாரணச் சர்வாதிகாரிக்கு உங்கள் மௌனம் போதும். அரசியலில் தலையிடாதே, நாற்காலியைத் தொடாதே, மற்றபடி உன் கடை, உன் கோயில், உன் குடும்பம் என்று இருந்துகொள் என்பது அவன் பேரம். முற்றதிகாரத்துக்கு உங்கள் மௌனம் சந்தேகத்துக்குரியது. நீங்கள் வர வேண்டும், கையைத் தூக்க வேண்டும், தாளை மடிக்க வேண்டும், மற்றவர்கள் பார்க்கச் செய்ய வேண்டும். செய்துவிட்டீர்களானால் நாளைக்கு 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. அடுத்த வீட்டுக்காரரும் செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் செய்தீர்கள் என்று அவருக்குத் தெரியும். இருவர் மனத்திலும் என்ன இருந்தது என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது.

எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பதில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். சிலியில் 1973 முதல் ஆண்ட பினோசேயின் ராணுவ ஆட்சி மூவாயிரம் பேருக்கு மேல் கொன்றது அல்லது காணாமற்போகச் செய்தது. கிழக்கு ஜெர்மனி தன் கடைசி இருபது ஆண்டுகளில் அந்த அளவுக்குக் கொல்லவில்லை. ஆனாலும் மனிதர்களின் அன்றாடத்துக்குள் ஆழமாகப் புகுந்தது கிழக்கு ஜெர்மனி அரசுதான். சிலியில் 1988இல் ஆட்சியைத் தொடரலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். பினோசே 1990இல் அதிபர் பதவியை விட்டு இறங்கினார். நம் நாட்டின் 1975-77 நெருக்கடி நிலையைச் சொல்லி, அதுவும் இதுதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தலைவர்களை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டார்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்தார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது, வாக்குகளை எண்ணினார்கள், ஆண்ட கட்சி தோற்றது. முற்றதிகாரத்தில் இந்த மூன்றும் சேர்ந்து நடக்காது.

ஜெர்மனியில் ஹிட்லர் பிரதமரானது 1933 ஜனவரி 30. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது பிப்ரவரி 27. மறுநாளே பேச்சுரிமை, கூடும் உரிமை, கடித இரகசியம் எல்லாவற்றையும் ஓர் ஆணை நிறுத்திவைத்தது. மார்ச் 23இல் சட்டமியற்றும் அதிகாரம் முழுவதையும் அமைச்சரவைக்குக் கொடுக்கும் சட்டம் வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஏற்கெனவே சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். வந்திருந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார்கள். ஜூலை 14இல் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே கூடாது என்ற சட்டம். ஆறு மாதம்கூட ஆகவில்லை. இவை எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருப்பவை. நான் வகுப்பில் அதிகம் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. ஆசிரியர் சங்கம், மருத்துவர் சங்கம், விவசாயிகள் சங்கம், ஊர்ப்பாட்டுக் குழு, உடற்பயிற்சி மன்றம் என்று நான்கு பேர் சேர்ந்து உட்காரும் இடம் ஒவ்வொன்றும் கலைக்கப்பட்டது அல்லது கட்சியின் கீழ் வந்தது. மாலையில் பாடப் போகிறவன் அரசை எதிர்க்கப் போகவில்லை. ஆனால் அரசு அழைக்காமலே நான்கு பேர் கூடுகிறார்கள் என்பதே அரசுக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அடுப்படி. 1933 அக்டோபரில் ஒரு வழக்கம் தொடங்கினார்கள். குளிர்கால மாதங்களில், மாதம் ஒரு ஞாயிறு, எல்லா வீடுகளிலும் ஒரே பாத்திரத்தில் ஆக்கிய எளிய உணவு. ஞாயிறு மதியம் இறைச்சி வறுவல் ஜெர்மானியக் குடும்பங்களின் பழக்கம். அதை விட்டுவிட்டு மிச்சமாகும் காசை ஏழைகளுக்கான குளிர்கால நிவாரண நிதிக்குக் கொடுக்க வேண்டும். கேட்கும்போது நல்ல காரியமாகத் தெரிகிறது இல்லையா? வசூலிக்க வீட்டுக்கு வீடு ஆள் வந்தது. கொடுத்தவர் வீட்டுக் கதவில் மாட்ட அடையாள வில்லை தந்தார்கள். வில்லை இல்லாத கதவும் தெருவுக்குத் தெரிந்தது. சில பத்து வீடுகளுக்கு ஒருவர் என்று கட்சி வைத்திருந்த வட்டப் பொறுப்பாளர், யார் வீட்டில் கொடி ஏறவில்லை, யார் வசூலுக்கு முகம் சுளித்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு ஒரு தாய் குழம்பை இறக்கும்போது, ஏழைக்கு உதவுகிறோம் என்று நினைத்தாளா, வாசலுக்கு வரப்போகிறவனை நினைத்தாளா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். கலந்துவிடுவதுதான் அந்த முறையின் வேலை.

இரகசியப் போலீஸ் எல்லா இடத்திலும் இருந்தது, அதனால் மக்கள் அஞ்சினார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். அதில் பாதிதான் உண்மை. நாஜிகளின் இரகசியப் போலீசான கெஸ்டபோவில் போர்க்கால உச்சத்தில்கூட ஏறத்தாழ 32,000 பேர்தான் இருந்தார்கள். அன்றைய ஜெர்மனியின் மக்கள்தொகை எட்டுக் கோடிக்கு அருகில். வூர்ட்ஸ்பர்க் போன்ற நகரங்களில் தப்பிப் பிழைத்த கெஸ்டபோ கோப்புகளை ஆராய்ந்தவர்கள், பெருமளவு வழக்குகள் பொதுமக்கள் கொடுத்த தகவலில் தொடங்கியதைக் கண்டார்கள். யூதரோடு பழகினாள், வெளிநாட்டு வானொலி கேட்டான் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பலர் தீவிர நாஜிகள் அல்லர். வாடகைத் தகராறு, கணவன் மனைவி சண்டை, தொழில் பொறாமை. பங்காளிச் சண்டைக்கு அரசாங்கத்தைக் கூப்பிட வழி திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஒரு தம்பதியைச் சொல்கிறேன். பெர்லினில் ஓட்டோ ஹாம்பெல் ஆலைத் தொழிலாளி. மனைவி எலிஸ் வீட்டு வேலை செய்தவர். இருவரும் அதிகம் படித்தவர்கள் அல்லர். எலிஸின் தம்பி 1940இல் போரில் இறந்தான். அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து தபால் அட்டைகளில் கையால் எழுதத் தொடங்கினார்கள்: போருக்கு ஒத்துழைக்காதீர்கள், நிதி கொடுக்காதீர்கள், ஹிட்லரை நம்பாதீர்கள் என்று. எழுத்துப் பிழைகளோடு எழுதிய அந்த அட்டைகளை அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளிலும் அஞ்சல் பெட்டிகளிலும் வைத்துவிட்டு வந்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட அட்டைகள். யாராவது எடுத்துப் படித்து அடுத்தவருக்குக் கொடுப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. கிட்டத்தட்ட எல்லா அட்டைகளும் கெஸ்டபோவின் கைக்கே போய்ச் சேர்ந்தன. எடுத்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்கட்டில் அட்டையை எடுத்துப் பார்க்கிறார். மேல்மாடிக் கதவு ஒன்று சத்தமிடுகிறது. நான் இதைப் படித்ததை யாரோ பார்த்திருந்தால்? இது என்னைச் சோதிக்க அவர்களே வைத்ததாக இருந்தால்? கிழித்துப் போட்டால் அதுவும் குற்றம். கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று கால் தானாகவே நடந்துவிடுகிறது. இருவரையும் 1943 ஏப்ரல் 8 அன்று தலைவெட்டிக் கொன்றார்கள்.

சோவியத் ஒன்றியத்தில் பயம் வேறு வடிவம் எடுத்தது. அங்கே ஒரு தாளில் எண் வந்தது. உள்துறை ஆணையர் நிகோலாய் யெஷோவ் 1937 ஜூலை 30இல் கையெழுத்திட்ட 00447ஆம் ஆணை, 'சோவியத் எதிர்ப்புக் கூறுகள்' என்று சொல்லப்பட்டவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. முதல் வகை சுடப்பட வேண்டியவர்கள். இரண்டாம் வகை எட்டு முதல் பத்து ஆண்டு முகாம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் வகைவாரியாக எத்தனை பேர் என்று அட்டவணை இருந்தது. முதலில் குறித்த மொத்தம் 2,68,950 பேர். அதில் சுட வேண்டியவர்கள் 75,950. குற்றவாளிகளைக் கண்டுபிடித்து எண்ணிக்கை சொல்லும் முறை தலைகீழாகிவிட்டது: எண்ணிக்கை முதலில், ஆட்கள் பிறகு. மாகாண அதிகாரிகள் தங்கள் ஒதுக்கீடு போதவில்லை என்று மாஸ்கோவுக்கு எழுதிக் கூட்டிக் கேட்டார்கள். குறைவாகப் பிடித்தவன் என்ற பெயர் வந்தால் தன் கழுத்துக்கு ஆபத்து என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்த ஓர் ஆணையின் கீழ் மட்டும் கடைசியில் 3,80,000க்கு மேற்பட்டவர்கள் சுடப்பட்டார்கள். 1937, 1938 இரண்டு ஆண்டுகளில் அரசியல் குற்றம் சாட்டிச் சுட்டதாக இரகசியப் போலீசின் சொந்தக் கணக்கே காட்டும் எண் 6,81,692. யெஷோவுக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த யாகோடாவை 1938இல் சுட்டார்கள். யெஷோவை 1940இல் சுட்டார்கள். அவருக்குப் பின் வந்த பெரியாவை, ஸ்டாலின் இறந்த அதே 1953இல் சுட்டார்கள்.

ஆனால் அந்த ஆட்சியை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1934இல் கட்சி மாநாட்டில் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி ஆகிவிட்டது என்று ஸ்டாலின் அறிவித்திருந்தார். அதற்குச் சற்று முன்புதான் 1932-33 பஞ்சம் வந்து போயிருந்தது. கிராமங்களில் இருந்து தானியத்தை வலிந்து எடுத்துச் சென்றார்கள். வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவதும் பொதுச்சொத்துத் திருட்டு என்று 1932 ஆகஸ்டில் சட்டம் போட்டார்கள். அதற்குத் தண்டனை மரணம் அல்லது பத்து ஆண்டுச் சிறை. உக்ரைனிலும் கசகஸ்தானிலும் பல லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். பஞ்சம் என்ற சொல்லைப் பத்திரிகை எழுதக் கூடாது. 1937 ஜனவரி 6இல் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுத்தவர்கள் நேர்மையாகத் தங்கள் வேலையைச் செய்தார்கள். வந்த எண் 16.2 கோடி. மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைவர் சொன்னதைவிட அறுபது லட்சம் குறைவு. மதநம்பிக்கை உண்டா என்ற கேள்விக்கு, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோர் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இருபது ஆண்டு மதஎதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பிறகு கிடைத்த பதில் அது. கணக்கெடுப்பே தவறு என்று அறிவித்துத் தாள்களைப் பூட்டி வைத்தார்கள். அதை நடத்திய ஒலிம்பி குவிட்கினைச் சுட்டார்கள். புள்ளியியல் துறைத் தலைவர் இவான் கிராவலையும் சுட்டார்கள். 1939இல் மறுபடி எண்ணச் சொன்னார்கள். வந்த எண் 17 கோடியைத் தாண்டியது. எண்ணத் தெரிந்தவனைக் கொன்ற அரசுக்குத் தன் நாட்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் கம்மும்.

அதே நாட்டில் பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் பெரியாவைப் பற்றிப் படத்தோடு நீண்ட கட்டுரை இருந்தது. அவரைச் சுட்ட பிறகு சந்தாதாரர்களுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே சில புதிய பக்கங்கள், ஒரு குறிப்பு. குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு, இவற்றை அங்கே ஒட்டிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. புதிய பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றிய செய்திகளும் படங்களும். தன் வீட்டில், தன் புத்தகத்தை, தன் கையால் ஒருவர் வெட்டுகிறார். தாளை மடித்த கையும் இதுவும் ஒரே கைதான்.

கம்போடியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. இருபது லட்சம் பேர் அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டிருந்த நகரை, இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். மருத்துவமனைக் கட்டிலில் இருந்த நோயாளிகளையும் விரட்டினார்கள். பணத்தை ஒழித்தார்கள், சந்தையை ஒழித்தார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிறகு வீட்டில் சமைப்பதையும் நிறுத்தினார்கள். எல்லோரும் பொதுக்கொட்டிலில் வரிசையில் நின்று கஞ்சி வாங்க வேண்டும். பசிக்கு ஒரு கிழங்கைத் தோண்டித் தின்றால் குற்றம். ஆள்வது யார் என்றுகூட மக்களுக்குச் சொல்லவில்லை. 'அங்கார்', அதாவது அமைப்பு, என்ற ஒரு சொல்தான். நான்கு ஆண்டுகூட நிறைவடையாத அந்த ஆட்சியில், ஏறத்தாழ 78 லட்சம் மக்களில் 15 முதல் 20 லட்சம் பேர் வரை இறந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அங்கே போயிருந்தேன். துவோல் ஸ்லெங் சிறை முன்பு ஓர் உயர்நிலைப் பள்ளி. வரிசையாக வகுப்பறைகள், வெளியே நீண்ட தாழ்வாரம், நடுவே விளையாட்டு மைதானம். நம் ஊர் அரசுப் பள்ளி எதற்குள்ளும் நுழைந்தால் இப்படித்தான் இருக்கும். சில வகுப்பறைகளுக்குள் செங்கல்லை அடுக்கி, ஓர் ஆள் நீட்டிப் படுக்கக்கூட இடம் இல்லாத சிறு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். தாழ்வாரத்தை முள்கம்பி வலையால் மூடியிருந்தார்கள். கைதிகள் குதித்துச் செத்துவிடக் கூடாது என்பதற்காக. ஓர் அறையில் கரும்பலகை அப்படியே சுவரில் இருந்தது. வாழ்நாள் முழுவதும் கரும்பலகை முன் நின்ற எனக்கு அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. அந்தச் சிறையை நடத்திய டூச் ஒரு கணித ஆசிரியர். கைதிகளை அடித்து எழுதி வாங்கிய வாக்குமூலங்களின் ஓரத்தில், இங்கே இன்னும் கேள், இது பொய் என்று சிவப்பு மையில் குறிப்பெழுதுவார். விடைத்தாள் திருத்திய அதே பழக்கம். அங்கே கொல்லப்பட்டவர்கள் 12,272 பேருக்குக் குறையாது என்று 2010இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையான எண் இன்னும் அதிகம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. உயிரோடு மீண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதுவரை சொன்னவை ஆவணம் உள்ளவை. இனி அறிஞர்களுக்குள்ளேயே தீராத சில செய்திகள். 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 முதல் 50 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். அது உக்ரைன் இனத்தை அழிக்கவே திட்டமிட்டதா, இரக்கமற்ற தானியக் கொள்முதலின் விளைவா என்பதில் நல்ல வரலாற்றாளர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள். தந்தையைக் காட்டிக்கொடுத்த வீரச் சிறுவன் என்று சோவியத் பள்ளிகள் கொண்டாடிய பாவ்லிக் மொரோசோவ் 1932இல் கொலையுண்டது உண்மை. அவன் என்ன சொன்னான், ஏன் சொன்னான், யார் கொன்றார்கள் என்பவை ஐயத்துக்குரியவை. நாஜிகளையும் கம்யூனிஸ்ட் ஆட்சிகளையும் ஒரே பெயரில் சேர்ப்பதே தவறு, அது பனிப்போர்க்கால அமெரிக்காவின் வசதிக்காக வந்த வாதம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அறுபது லட்சம் யூதர்களை, பிறப்பை மட்டுமே காரணமாக வைத்து, கண்டம் முழுவதும் தேடித் தேடிக் கொன்றதற்கு இணை வைக்க எனக்குத் துணிவில்லை. நோக்கத்தில் அவை வேறு வேறு. மனிதனை மடக்கும் வழியில் நெருங்கிய உறவு என்பது என் கருத்து. கிழக்கு ஜெர்மனி முற்றதிகாரமா, அதற்கு ஒரு படி கீழேயா என்பதிலும் விவாதம் ஓயவில்லை. இன்றைய நாடுகளில் வட கொரியாவைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கமில்லை. தலைவர்களின் படம் தவிர வேறெதுவும் மாட்டக் கூடாத சுவர், இருபது முப்பது குடும்பங்களுக்கு ஒரு கண்காணிப்புக் குழு, தாத்தா யாராக இருந்தார் என்பதைக் கொண்டு பேரனின் படிப்பையும் வேலையையும் முடிவுசெய்யும் பதிவேடு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மக்கள் சும்மா இருந்தார்களா? பெரும்பாலோர் இருந்தார்கள். காரணம் கோழைத்தனம் மட்டும் என்று சொன்னால் அது அநியாயம். எதிர்க்க இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளை நம்ப முடியாதபடி செய்ததுதான் அந்த ஆட்சிகளின் முதல் வேலை. கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் போலீசான ஸ்டாசிக்கு 1989இல் முழுநேர ஊழியர் 91,000 பேர், இரகசியமாகத் தகவல் தந்தவர்கள் 1,70,000க்கு மேல். நாட்டின் மக்கள்தொகையோ ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகம். 1992இல் கோப்புகளைத் திறந்தபோது, எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த வேரா வோலன்பெர்கர் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்து வந்தவர் தன் கணவரே என்று படித்துத் தெரிந்துகொண்டார். ஆனாலும் எதிர்ப்பு முழுவதும் அணைந்துவிடவில்லை. லெனின்கிராடில் கவிஞர் அன்னா அக்மதோவா, மகன் கைதான பிறகு சிறை வாசல் வரிசையில் பெண்களோடு பெண்ணாக மாதக்கணக்கில் நின்றவர், கவிதை வரிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தோழியிடம் நீட்டுவார். சுவரில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கலாம் என்பதால் வாயால் வேறு ஏதோ, தேநீர் வேண்டுமா என்பதுபோல, பேசிக்கொண்டிருப்பார்கள். தோழி மனப்பாடம் செய்ததும் அக்மதோவா தாளைச் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார். அந்த வரிகள் பல ஆண்டுகள் சிலரின் நினைவில் மட்டும் வாழ்ந்தன. பெர்லினில் 1943 பிப்ரவரி கடைசியில், பிடித்துச் செல்லப்பட்ட யூதக் கணவர்களுக்காக, யூதரல்லாத மனைவியர் ரோசன்ஸ்ட்ராசே தெருவில் கூடிக் கணவனைக் கொடு என்று நாள்கணக்கில் கேட்டார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் விடுதலையானார்கள். பெண்களின் கூச்சல்தான் காரணமா, அவர்களை அனுப்பும் திட்டமே அப்போது இல்லையா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். பெண்கள் தெருவில் நின்றார்கள் என்பதில் வேறுபாடு இல்லை.

கடைசியாக, அந்த வாக்குச்சாவடிக்கே திரும்பிப் போகிறேன். 1989 மே 7இல் கிழக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தல். வாக்கு எண்ணிக்கையைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் அதுவரை பெரும்பாலும் யாரும் போய் நின்றதில்லை. அந்த மாலை பெர்லினின் வைசன்சே பகுதியிலும் வேறு சில ஊர்களிலும் தேவாலயக் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள் சாவடிகளுக்குள் போய் நின்றார்கள். எதிர்ப்பு வாக்கு இத்தனை என்று படித்தபோது எழுதிக்கொண்டார்கள். இரவு ஓரிடத்தில் கூடி எல்லாச் சாவடிகளின் எண்ணையும் கூட்டினார்கள். அரசு 98.85 விழுக்காடு ஆதரவு என்று அறிவித்தது. இவர்கள் கூட்டிப் பார்த்த இடங்களில் எதிர்ப்பு வாக்குகள் அரசு சொன்னதைவிடப் பல மடங்கு இருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி, போலீஸ் இழுத்துப் போகும் என்று தெரிந்தே, சிலர் அலெக்சாண்டர் சதுக்கத்தில் கூடினார்கள். அக்டோபர் 9இல் லைப்சிக்கில் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது. சோவியத் தலைமை டாங்கிகளை அனுப்ப மறுத்ததும், நாட்டின் கடனும், ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட்டதும் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்கள் மேலும் படிக்க நினைத்தால் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தொடங்குங்கள். மற்ற எந்த முற்றதிகாரத்தின் கோப்புகளும் இவ்வளவு முழுமையாகத் திறக்கப்படவில்லை. அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். கடைசி வாரங்களில் ஊழியர்கள் அவசர அவசரமாகக் கிழித்துப் போட்ட தாள்கள் தனியே ஏறத்தாழ 16,000 சாக்குகளில் கிடைத்தன. அவற்றைத் துண்டு துண்டாகப் பொருத்தி ஒட்டும் வேலையை ஜெர்மானியர்கள் 1995இல் கையால் தொடங்கினார்கள்; கால் நூற்றாண்டு கடந்தும் பெரும்பாலான சாக்குகள் பிரிக்கப்படாமலே இருந்தன.